மேல்வீடு காலியானதும் காய்ந்த சுவர்: ஒரு வாடகைச் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

நான்கு வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்த்தளத்துப் பின்வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஒரு நாள் கையகலத்துக்கு ஓதம் தெரிந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு 11 மாதம் ஆனது. அதற்குள் அந்தச் சுவருக்கு இரண்டு முறை வண்ணம் அடித்தேன். கீழ்வீட்டார் வாடகையைக் குறைத்துக் கொடுத்தார்கள். மேல்வீட்டார் காலி செய்துவிட்டுப் போனார்கள். எந்தத் தப்பும் செய்யாத மூன்று பேரின் முன்பணத்தில் கை வைத்தேன். கடைசியில் அகப்பட்டது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குழாய் முழங்கை, அதாவது குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைந்த இணைப்பு.

அந்த 11 மாதமும் நான் தேடிக்கொண்டிருந்தது ஓர் ஆளை. யார் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், யார் ஜன்னலைத் திறப்பதில்லை, யார் பொய் சொல்கிறார்கள் என்றே யோசித்தேன். ஓதம் எந்த நாட்களில் இருக்கிறது, எந்த நாட்களில் இல்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கீழ்வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் தயாராக இருந்தது.

செலவுகளைப் பணத்தில் சொல்லாமல் மாத வாடகையின் அளவாகச் சொல்கிறேன். நான்கு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வாடகைதான். ஒரு வீட்டின் ஒரு மாத வாடகையை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் போகவில்லை. வாடகையைப் பிடித்து வைக்கலாமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

யார் எங்கே இருந்தார்கள்

கீழ்ப் பின்வீட்டில் கணவன், மனைவி, கணவரின் வயதான தாய். ஆறு வருடமாக இருக்கிறார்கள். அதுவரை ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. அவர்களுக்கு நேர் மேலே, இரவுப் பணிக்குப் போகும் மூன்று இளைஞர்கள். வந்து ஒன்றரை வருடம். மேல்வீட்டுக் குளியலறைச் சுவர், கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரின் மேலேயே நேராக எழும்பி நிற்கிறது. கட்டடத்தில் நான் குடியிருக்கவில்லை. ஒரு வேலையில் இருந்துகொண்டே இதையும் பார்த்துக்கொள்கிறேன். அதனால் பல விஷயங்களைத் தொலைபேசியிலேயே முடித்துவிடும் பழக்கம் இருந்தது.

“சரிம்மா, பார்க்கலாம்”

முதல் அழைப்பு வந்தபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். “சார், பெட்ரூம் சுவர்ல மேல ஈரம் தெரியுது” என்றார் கீழ்வீட்டு அம்மா. “சரிம்மா, பார்க்கலாம்” என்றேன். எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. 12 நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே பழுப்பு விளிம்போடு ஒரு கறை. படத்தைப் பார்த்ததும் பெயிண்டரை அனுப்பினேன்.

ஏன் பெயிண்டர்? கண்ணுக்குத் தெரிந்தது பெயிண்ட் கெட்டுப்போனது. அவ்வளவுதான். அவரும் தன் வேலையை ஒழுங்காகவே செய்தார்: சுரண்டினார், பட்டி பார்த்தார், இரண்டு கோட் அடித்தார். செலவு 0.25. சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் நேரில் போகவே இல்லை. படத்திலேயே அந்தப் பழுப்பு விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் ஒரு எல்லை வரை வந்து, காய்ந்து, திரும்ப வந்து, திரும்பக் காய்ந்தால்தான் அப்படி வளையம் விழும். விட்டுவிட்டு வரும் கசிவு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நான்காம் மாதம் கறை திரும்பியது. இந்த முறை இரண்டு கை அகலம். அப்போதுதான் முதல் தடவையாக நேரில் போனேன். அறையில் துணி காயவைக்கும் ஸ்டாண்ட் ஒன்று நின்றது. ஒரு ஜன்னலை அலமாரி பாதி மறைத்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். அடைத்த அறை, ஈரத்துணி, காற்றில் உள்ள ஈரம் சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை வெளியே காயப்போடுங்கள் என்று பாடம் நடத்தினேன்.

“இந்தத் துணிய ஆறு வருஷமா இங்கதான் சார் காயப்போடறோம்” என்றார் அவர்.

இதை நான் எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது ஒரு சான்று. ஆறு வருடமாக மாறாத ஒரு பழக்கம், நான்கு மாதத்துக்கு முன் தொடங்கிய ஓதத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. பாத்திரம் விளக்கிக்கொண்டே அவர் சொன்ன ஒற்றை வரியில் இருந்த தர்க்கம், ஜன்னல் ஓரத்தில் நின்று நான் கொடுத்த பத்து நிமிட விளக்கத்தில் இல்லை.

ஈரம் மூன்று வகை

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே வரும் சண்டைகளில் ஓதத்தைப் போல இருபக்கமும் வாதாட வசதியானது வேறில்லை. கட்டடத்தின் குறை என்பார் ஒருவர், புழங்கும் விதம் என்பார் மற்றவர். இரண்டுமே நடப்பதுதான் என்பதால் வாதம் முடியாது. ஆனால் சுவரே ஓரளவு சொல்லிவிடும்.

காற்றில் உள்ள ஈரம் சுவரில் படிய வேண்டுமானால், சுவர் அந்தக் காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றில் உள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்திருக்க வேண்டும். அறைக் காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 17 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் துளி கட்டும். அதனால் இந்த வகை ஈரம் பெரும்பாலும் வெளிச்சுவரின் மூலைகளில், ஜன்னல் கண்ணாடியில், அலமாரிக்குப் பின்னால் காற்று போகாத இடத்தில் வரும். கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். விளிம்பு கட்டிய வளையமோ வெள்ளை உப்போ இருக்காது.

தரையிலிருந்து ஏறும் ஈரம் கீழே தொடங்கும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாது. அதன் மேல் விளிம்பில் உப்பு பூக்கும்.

கசிவு அப்படி இல்லை. எங்கே வேண்டுமானாலும் ஒரு திட்டாகத் தொடங்கும். செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் அந்த உப்பை வெள்ளைப் பொடியாக விட்டுவிட்டுப் போகும்.

எங்கள் சுவரில் திட்டு இருந்தது தலைக்கு மேலே. உள்சுவர் அது, வெளிக்காற்று படும் சுவரே அல்ல. விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டியது. பின்னாளில் ஒரு சின்ன வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தபோது காய்ந்த பகுதி 25 டிகிரியும் ஈரப்பகுதி 23 டிகிரியும் காட்டியது. தண்ணீர் ஆவியாவதால் வந்த குளிர்ச்சி அந்த இரண்டு டிகிரி. 17-க்கு அருகில்கூட வரவில்லை. நான்காம் மாதமே இதைப் பார்த்திருந்தால் துணி ஸ்டாண்டைப் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் இன்னொரு பெயிண்டர், இந்த முறை நீர்புகாப் பெயிண்ட். செலவு 0.5. ஈரமான சுவரை உட்பக்கம் அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது. வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே உப்பு படிந்து, பெயிண்டைத் தோலோடு உரித்துத் தள்ளும். ஐந்து வாரத்தில் அப்பளம் போலப் பொரிந்து நின்றது.

முக்கால் வாடகை

ஆறாம் மாதம் வாடகையோடு ஒரு கடிதம் வந்தது. ஒரே பக்கம். என்னிடம் சொன்ன தேதிகள், பெயிண்டர் வந்த தேதிகள், நான் வந்த தேதி, அலமாரியின் முதுகுப் பலகை உப்பிப்போனது, இரவில் மாமியாருக்கு இருமல் கூடியிருப்பது எல்லாம் வரிசையாக இருந்தன. சுவர் சரியாகும் வரை முக்கால் வாடகைதான் தர முடியும் என்று முடித்திருந்தார்கள்.

இரவு 11 மணிக்கு உட்கார்ந்து பதில் எழுதினேன். வாடகையைக் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை, முழுத் தொகை வராவிட்டால் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று. அனுப்பிய பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிதத்தில் ஆறு தேதிகள் இருந்தன. என் பதிலில் ஒரு தேதிகூட இல்லை. இது எங்காவது வழக்காகப் போயிருந்தால் யார் பக்கம் பேச்சு எடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருதலையாக வாடகையைக் குறைத்தது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. முன்கூட்டி ஒரு தேதி குறித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் ஐந்து மாதம் வாயால் சொல்லி நடக்காததை அந்த கால் பங்கு நடத்திக் காட்டியது: அடுத்த வாரமே பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிளம்பர் செய்த இரண்டு சோதனையும் முறையானவை. முதலாவது, மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் தண்ணீர் மீட்டரைப் படிப்பது. எண் நகரவில்லை, ஆகவே எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாய்களில் ஓட்டை இல்லை. இரண்டாவது, குளியலறை வடிகாலை அடைத்து, தரையில் மூன்று விரற்கடைத் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விட்டுவைப்பது. தேக்கிய மட்டம் இறங்கவில்லை, கீழே ஈரம் கூடவில்லை. ஆகவே தரை நன்றாகவே இருக்கிறது.

“பைப்புல ஒண்ணும் இல்ல சார், தரையும் ஓகே. பசங்க தண்ணிய வாரி அடிக்கிறாங்க, சுவத்துல தெறிக்குது, டைல்ஸ் சந்து வழியா இறங்குது” என்றார். என் காதுக்கு அது தீர்ப்பாகவே கேட்டது. ஆளைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை 10 மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்த பையனிடம், குளியலறையை எப்படிப் புழங்க வேண்டும் என்று விளக்கினேன். “நாங்க குளிக்கிறதுதான் சார் பண்றோம், வேற என்ன பண்றோம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். கீழே வந்து, மேலே உள்ளவர்கள்தான் காரணம் என்று கீழ்வீட்டாரிடமும் சொல்லிவைத்தேன். இந்த நிகழ்வில் பணக்கணக்கில் வராத கெடுதல் என்றால் அதுதான். அதன்பின் மாடிப்படியில் இரண்டு வீட்டாரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை.

ஏழாம் மாதம் மூவரும் காலி செய்தார்கள். நீரால் வந்த சேதம் என்று முன்பணத்தில் 0.5 பிடித்துக்கொண்டேன். எந்தச் சேதம், எவ்வளவு செலவு, அவர்கள்தான் காரணம் என்பதற்கு என்ன சான்று என்று ஒரு தாளும் கொடுக்கவில்லை. அவர்களும் பெரிதாகச் சண்டை போடவில்லை. வேறு வீடு பார்த்தாகிவிட்டது, போனால் போதும் என்று இருந்திருப்பார்கள்.

வெற்றி என்று நினைத்த இரண்டு மாதம்

மேல்வீடு எட்டு, ஒன்பது ஆகிய இரண்டு மாதமும் காலியாகக் கிடந்தது. சுவர் காய்ந்தது. முதலில் நடுப்பகுதி வெளுத்தது, பிறகு விளிம்பு உள்வாங்கியது, ஒன்பதாம் மாத முடிவில் பழுப்பு வளையம் மட்டும் மிச்சம். சொன்னேன் பார்த்தீர்களா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இதில்தான் நான் வசமாக ஏமாந்தேன். மேல்வீட்டில் ஆள் இல்லாததால் சுவர் காய்ந்தது என்பது உண்மை. ஆனால் ஆள் இல்லாதபோது அவர்களுடைய அலட்சியம் மட்டும் இல்லாமல் போகவில்லை. குளியலறையில் நடக்கும் எல்லாமே நின்றுபோயிருந்தது. எது நின்றதால் காய்ந்தது என்று தனித்துப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. வீடு காலி, யாருக்கும் தொந்தரவு இல்லை, சாவி என் கையில். ஒரு வாரம் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம், அடுத்த வாரம் ஷவரை ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். நான் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். செலவு 0.5.

இன்னொன்றும் கண்ணில் படவில்லை. சுவர் காய்ந்த அந்த இரண்டு மாதமும் கீழ்வீட்டார் தாங்களாகவே முழு வாடகை தந்தார்கள். யாரும் கேட்கவில்லை. வாடகையைக் குறைக்கச் சாக்கு தேடுபவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அந்தக் கவனம் இருந்திருந்தால் அவர்கள் குறித்து வைத்திருந்த தேதிகளையும் அப்போதே நம்பியிருப்பேன்.

பத்தாம் மாதம் புதிதாக ஒரு தம்பதி மேலே குடிவந்தார்கள். அமைதியான மனிதர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே, தண்ணீரைப் பார்த்துப் புழங்குங்கள், முன்பு இருந்தவர்களால் கீழே பெரிய தொல்லை என்று எச்சரித்தேன். 19-ஆம் நாள் தொலைபேசி வந்தது. “சார், திரும்ப வந்துடுச்சு.”

நாட்காட்டி

அன்றைக்கு நான் நேராகப் போனேன். பேச்சுக்கிடையே கீழ்வீட்டு அம்மா சமையலறையில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். தினமும் காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் ஒரு வட்டம், காய்ந்திருந்தால் ஒரு கோடு. முதல் அழைப்புக்கு மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல். “நீங்க கேட்பீங்கன்னு போட்டு வச்சேன்” என்றார். கேட்கவில்லையே.

வட்டங்களுக்கு நடுவே கோடுகள் தொடர்ச்சியாக வந்த இடங்கள் மூன்று. வீடு காலியாக இருந்த இரண்டு மாதம் ஒன்று. மூன்றாம் மாதத்தில் ஒரு வாரம், ஆறாம் மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள், இவை மற்ற இரண்டும். கூச்சத்தை விட்டு, காலி செய்து போன பையன்களில் ஒருவனை அழைத்து அந்தத் தேதிகளைக் கேட்டேன். மூன்றாம் மாதத்தில் மூவருமாகப் பத்து நாள் பயணம் போயிருக்கிறார்கள். சுவர் காயத் தொடங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பதால் அந்த ஒரு வாரக் கோடு பொருந்திவிட்டது. ஆறாம் மாதம்? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அப்ப ஷவர் அடைச்சுக்கிச்சு சார். ஒரு வாரம் பக்கெட்லதான் குளிச்சோம். அப்புறம் நாங்களே கழட்டி கிளீன் பண்ணிட்டோம்.”

அந்த வாரம் அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மூன்று பேரும் தினமும் குளித்தார்கள், தரையில் தண்ணீர் ஓடியது, வடிகாலில் இறங்கியது. சுவர் காய்ந்தது. நின்றிருந்தது ஷவர் மட்டும்.

பென்சில் கோடு

நாட்காட்டி காட்டியதைச் சோதித்துப் பார்த்தோம். புதுத் தம்பதியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, வசதியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி எழுதுவது கீழ்வீட்டு அம்மாவின் பொறுப்பு.

முதல் ஆறு நாள் மேலே பக்கெட்டில் பிடித்துக் குளித்தார்கள். அதே தரை, அதே வடிகால். நான்காம் நாளிலிருந்து கோடு உள்வாங்கியது. தரையும் வடிகாலும் விடுபட்டன. பிளம்பரின் சோதனை அந்த அளவில் சரிதான்.

அடுத்து ஷவர். இதில் இரண்டு சந்தேகம் கலந்திருக்கும்: தெறிக்கும் தண்ணீர் டைல்ஸ் சந்து வழியே போகிறதா, சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறதா? இரண்டையும் பிரிக்க, ஷவர் தலையைச் சுற்றி நீளமான பாலித்தீன் உறை ஒன்றைக் கட்டி, நுனியை நேரே வடிகாலுக்குள் விட்டோம். சுவரில் ஒரு துளிகூடத் தெறிக்க வழியில்லை. அப்படியே தினமும் 20 நிமிடம் ஓடவிட்டோம். குளியல் பக்கெட்டிலேயே தொடர்ந்தது. மூன்றாம் நாள் காலை ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டி 2 செ.மீ வெளியே வந்திருந்தது. டைல்ஸும் விடுபட்டது.

மிச்சம் இருந்தது குழாய். அதிலும் ஷவரைத் திறந்தால் மட்டும் தண்ணீர் ஏறும் பகுதி, அதாவது கலப்புக் குழாய்க்கும் (சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து விடும் குழாய்) ஷவருக்கும் இடையே சுவருக்குள் புதைந்த துண்டு. கைப்பிடியை மூடிவிட்டால் அதில் அழுத்தமே இருக்காது. இரவு முழுக்க மீட்டரைப் பார்த்தாலும் அது காட்டாது. தரையில் தேக்கிய தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு சோதனையும் தேறியதற்குக் காரணம், இரண்டுமே அந்தத் துண்டைத் தொடவில்லை. பிளம்பரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அவரும் “கசிவு இல்லை” என்று கேட்டுக்கொண்டோம். “ஷவர் மூடியிருக்கும்போது கசிவு இல்லை” என்பதுதான் சோதனை சொன்னது.

இரண்டு டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். கலப்புக் குழாய்க்கு ஒரு சாண் மேலே ஒரு முழங்கை இணைப்பு, மரையில் சரியாகப் பிடிக்காமல் இருந்தது. ஷவரைத் திறந்ததும் அதன் இடுக்கில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டது. அடியில் ஒரு டம்ளரைப் பிடித்தோம்: 10 நிமிடத்தில் 400 மில்லி. மூன்று பேர் தினமும் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் 1.2 லிட்டர், மாதத்துக்கு 36 லிட்டர். குளியலறைத் தரையின் நீர்காப்புப் பூச்சு சுவரில் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும். ஆனால் இந்தத் தண்ணீர் அதற்குப் பின்னால், சுவரின் வயிற்றுக்குள் இறங்கியது. புதுத் தம்பதி இரண்டே பேர், நாளுக்கு 0.8 லிட்டர். 18 நாளில் 14 லிட்டர் உள்ளே போன பிறகுதான் 19-ஆம் நாள் கீழே தெரிந்திருக்கிறது.

இணைப்பை மாற்ற ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. செலவு 0.35. உடைத்த டைல்ஸுக்கு ஜோடி கிடைக்கவில்லை; அந்த இரண்டும் இன்றும் வேறு நிறத்தில் நிற்கின்றன.

கீழே சுவரை அவசரப்பட்டு மூடவில்லை. பழைய பூச்சைச் செங்கல் வரை தட்டி எடுத்தோம். பூத்திருந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால்தான் துடைத்தோம், கழுவினால் அது கரைந்து திரும்பவும் உள்ளேயே போய்விடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காயவிட வேண்டும் என்பது கொத்தனார் கணக்கு. அதன்படி மூன்று மாதத்துக்கு மேல் அந்தச் சுவர் அம்மணமாக நின்றது. அந்த மாதங்களிலும் கீழ்வீட்டார் முழு வாடகை தந்தார்கள். காரணம் கிடைத்துவிட்டது, இனிக் காயும் வரை பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

கணக்கு

முதல் வண்ணம் 0.25, இரண்டாவது 0.5. கீழ்வீட்டாரின் அலமாரிக்குக் கொடுத்தது 0.4. கால் வாடகை வீதம் நான்கு மாதம் குறைந்தது 1. மேல்வீடு இரண்டு மாதம் காலி, 2. அதைத் தயார் செய்தது 0.5. குழாய் 0.35, கீழ்ச்சுவர் பூச்சும் வண்ணமும் 0.6. மொத்தம் 5.6 மாத வாடகை. நான்கு வீட்டிலிருந்தும் வருடத்துக்கு வருவது 48. அதில் கிட்டத்தட்ட 12 சதவீதம் ஒரு முழங்கைக்குப் போனது.

முதல் மாதமே கண்டுபிடித்திருந்தால் குழாய்க்கு 0.35, சின்னத் திட்டுக்கு வண்ணம் 0.25, ஆக 0.6. மிச்சம் 5 முழுக்க என் முடிவுகளின் விலை. அதிலும் பெரிய தொகை தண்ணீரால் வந்ததே அல்ல, மேல்வீட்டுக் கதவைத் தட்டியதால் வந்தது.

முன்பணத்தில் பிடித்த 0.5 இந்தக் கணக்கில் இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் தாமதமாக, என்ன நடந்தது என்று முழுதும் எழுதி, மன்னிப்பும் கேட்டு. மூன்று பேரில் ஒருவன் மட்டும் பதில் அனுப்பினான்: “ஷவர நிறுத்திப் பாருங்கன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்போம் சார்.”

அதன் பிறகு

புகார் வந்தால் இப்போது ஒரு நோட்டில் எழுதுகிறேன். எந்த இடம், எப்போது தொடங்கியது, எப்போது அதிகமாகிறது, எப்போது இல்லை. கடைசிக் கேள்விக்குத்தான் உபயோகமான பதில் வருகிறது. இரவில் மட்டும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது என்று முன்வீட்டில் சொன்னார்கள். எந்த இரவில் இல்லை என்று கேட்டதில், வாட்டர் ஹீட்டர் போடாத இரவுகள் என்று வந்தது. அரை நாளில் முடிந்தது. 48 மணி நேரத்துக்குள் நேரில் போகிறேன். முடியாவிட்டால் எந்த நாள் வருவேன் என்று செய்தி அனுப்புகிறேன். குடியிருப்பவர் வீட்டுக்குள் போக முந்தின நாளே நேரம் கேட்கிறேன். இரவுப் பணிக்காரர்களுக்குக் காலை 10 மணி நள்ளிரவு என்பது இப்போது தெரியும்.

வீடு காலியானால் வண்ணம் அடிக்கும் முன் இரண்டு நாள் எல்லாக் குழாயையும் ஷவரையும் முறைவைத்து ஓடவிட்டுப் பார்க்கிறேன். குடிவரும் நாளில் சுவர், தரை, குழாய்கள் எல்லாவற்றையும் படமெடுத்து இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறோம். காலி செய்யும்போது முன்பணத்தில் எதையாவது பிடிக்க வேண்டுமானால் ரசீதும் காரணமும் சேர்த்துக் காட்டினால்தான். வீட்டுக்கு வருடம் ஒரு மாத வாடகையைப் பழுதுக்கென்று தனியாக ஒதுக்குகிறேன். நான்கு வீட்டுக்கும் சேர்த்து 4 வரும். இந்த ஒரு நிகழ்வு அதையும் தாண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அப்படி ஒரு தொகை தனியாக இருந்திருந்தால் முதல் மாதம் 0.25 செலவழித்துத் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருக்க மாட்டேன்.

இரவு 11 மணிக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுதாமல் இருக்க முடியாவிட்டால் காலையில் படித்துவிட்டு அனுப்புகிறேன். இதுவரை ஒன்றும் போகவில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேல்தளத்து முன்வீட்டுக் குளியலறையும் அதே வருடம் அதே கைகளால் போடப்பட்டது. அங்கே ஓதம் ஏதும் இல்லை. வரும் சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்கு வரலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பாலித்தீன் உறையையும் பென்சிலையும் எடுத்து வைத்தாகிவிட்டது.